இரண்டாவதாகக் கண்டுபிடித்தவள்

மெல்பேர்ன் நகரில், கிளேட்டனில், நான் வேலை செய்த ஆய்வுகூடத்துக்குக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தால் அன்றைய நாள் என்னுடையதல்ல. ஆஸ்துமா உள்ள யாரோ ஒருவர் அந்த நேரத்தில் அங்கே கட்டிலில் படுத்திருப்பார். மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றை அவருடைய மூக்கு வழியாக இறக்கி, நுரையீரலின் ஒரு மூலையில் கொஞ்சம் உப்புநீர் விட்டு, அதைத் திரும்ப உறிஞ்சி எடுப்பார். அந்த நீர் ஐஸ் பெட்டியில் என்னிடம் வரும். பார்க்க அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கலாக, மேலே கொஞ்சம் நுரையோடு இருக்கும். அதற்குள் அந்த மனிதரின் மூச்சுக்குழாயில் காவலுக்கு நின்ற உயிரணுக்கள், அதாவது கலங்கள், உயிரோடு இருக்கும். அவை சாவதற்குள் பிரித்தெடுத்து, ஒவ்வொரு கலமும் அந்தக் கணத்தில் எந்தெந்த மரபணுக்களை இயக்கிக்கொண்டிருந்தது என்று பதிவு செய்ய வேண்டும்.

வெளியாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது ஒன்றும் கடினமில்லை. ஆஸ்துமாக்காரரின் நெஞ்சுக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புக் கலங்கள், புல்லின் பூந்தூளைக் கண்டாலும் எதிரி வந்துவிட்டது போல ஆடிவிடுகின்றன. நோயாளி சுகமாக இருக்கிற நாட்களிலும் அந்தக் கலங்களில் சில கலைந்து போகாமல் அங்கேயே குடியிருக்கின்றனவா, இருந்தால் அவை எவை என்பதுதான் எங்கள் கேள்வி. புரியவைக்க முடியாதது, ஏன் நான் நாற்பதை நெருங்கும் வயதிலும் ஒவ்வொரு வருடமும் வேலை நீடிக்குமா என்று காத்திருந்தேன் என்பதுதான். கலாநிதிப் பட்டம் முடித்தவர்கள் நிரந்தர வேலை கிடைக்கும் வரை செய்யும் ஆராய்ச்சி வேலை அது. எனக்கு அந்த 'வரை' வரவேயில்லை.

என் கணவர் சிட்னியில், செவன் ஹில்ஸில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். அவருடையது நிரந்தர வேலை. அதனால் அவர் மெல்பேர்னுக்கு வரவில்லை. என்னுடையது அடுத்த வருடம் நிரந்தரமாகும் என்ற நினைப்பில் நான் சிட்னிக்குப் போகவில்லை. மாதத்தில் ஒரு வார இறுதியில் யாராவது ஒருவர் விமானம் ஏறுவோம். மற்ற நாட்களில் தொலைபேசியில் "நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்று அவர் கேட்பார். "ஓம்" என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வராது. கோபம் ஒன்றுமில்லை. களைப்பு.

கிளேட்டனில் நான் அன்ரி என்று கூப்பிடும் ஓர் அம்மாவின் வீட்டில் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். இலங்கையில் மன்னாரைச் சேர்ந்தவர். கணவர் இறந்து சில வருடங்கள், மகன் பேர்த்தில். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. விடியமுன் எழும்பிப் போய், பிற்பகல் வரும்போது கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிடுவார். தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்கும். நான் அந்தத் தோள்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன்.

"அன்ரி, உங்களுக்கு ஆஸ்துமா இருக்கோ?"

"ஆர் சொன்னது? குளிருக்கு நெஞ்சு கொஞ்சம் இழுக்குது. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே கைப்பைக்குள் கையை விட்டு நீல நிற பஃபரை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு தரம் இழுத்தார். மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்கு மட்டும் விரித்துக்கொடுக்கும் மருந்து அது. ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டிய மற்ற மருந்து அவருடைய அலுமாரியில் உறை பிரிக்காமல் கிடந்தது. அது உடனே வேலை செய்வதில்லையாம். பிறகு எதற்கு என்பது அவருடைய கேள்வி. ஆஸ்துமாவை, அவருடைய சொல்லில் தொய்வை, வேலை இடத்திலும் யாருக்கும் சொல்லவில்லை. "தொய்வுக்காரி எண்டு தெரிஞ்சால் அடுப்படியில விடாயினம். மணித்தியாலத்தைக் குறைச்சுப் போடுவினம்."

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் முதன்முறையாக முழுதாகக் கேட்டார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ர நெஞ்சுக்குள்ள இருந்தும் எடன்."

"நான் எடுக்கேலாது அன்ரி. ஒரே வீட்டில இருக்கிறம். நான் கேட்டு நீங்கள் வந்தமாதிரி இருக்கக்கூடாது. அப்பிடி ஒரு விதி இருக்கு."

"நீ எங்க கேட்டனி? நான்தானே கேக்கிறன்."

நான் வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் அவர் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அங்கே ஒட்டியிருந்த எங்கள் அறிவித்தலைக் கண்டு, அதில் இருந்த இலக்கத்துக்குத் தானே பேசி, நாள் குறித்து, ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது நல்ல சேலையோடு குசினியில் இருந்தார். முகம் சரியில்லை.

"என்ன அன்ரி?"

"என்னை எடுக்கேலாதாம். ஊதிப் பாக்கச் சொன்னவை. ஊதினனான். நெஞ்சு வருத்தம் கூடிப்போச்சாம், அதால சரிவராதாம்."

"அப்பிடித்தான் அன்ரி. மூச்சு குறைவான ஆக்களுக்குக் குழாய் விட்டால் அடைச்சுப்போகும். ஆபத்து."

"அப்ப வருத்தம் குறைஞ்ச ஆக்களின்ர நெஞ்சைப் பாத்தோ, வருத்தம் கூடின ஆக்களுக்கு மருந்து செய்யப் போறியள்?"

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த குறைதான் இது. கட்டுரையின் கடைசியில் ஒரு வசனத்தில் எழுதிவிட்டுப் போவோம். ஆனால் அன்று அந்த வசனம் சேலை கட்டிக்கொண்டு என் முன்னால் இருந்தது. "உங்கள ஒரு பெரிய டொக்டரிட்ட விட்டவையோ?" என்று கேட்டேன். ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த நுரையீரல் நிபுணர், தன்னுடைய கிளினிக்கில் அவருக்கு ஓர் இடம் எழுதிவைத்திருந்தார். காத்திருப்போர் வரிசை நீளமாம். மாதக் கணக்காகும் என்றார்களாம். "அதுக்குள்ள நான் போய்ச் சேந்திடுவன்" என்று சொல்லி எழும்பிப் போய் உடுப்பு மாற்றினார். அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டார்.

ஆராய்ச்சி மெல்ல நகர்ந்தது. ஒரு நோயாளியின் நீர் நல்லதாக வரும். அடுத்தவருடையதில் கலங்கள் பாதி செத்திருக்கும். ஒரு முறை இரண்டு கிழமை வேலை முழுவதும் இயந்திரத்தில் ஒரு சிறு குமிழி அடைத்ததால் வீணானது. மரபணுத் தரவு வந்தபின் கணினியின் முன் மாதங்கள் போகும். திரையில் ஒவ்வொரு கலமும் ஒரு புள்ளி. ஒரே மரபணுக்களை இயக்கும் கலங்கள் பக்கத்தில் பக்கத்தில் கூடித் தீவுகள் போலத் தெரியும். எந்தத் தீவு எந்த வகைக் கலம் என்று பெயர் வைக்க வேண்டும். பெயர் வைத்தபின், அது உண்மையான தீவா, அல்லது நான் மாதிரியைக் கையாண்ட விதத்தில் வந்த பிழையா என்று என்னையே நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

அப்படித்தான் அந்தச் சின்னத் தீவைக் கண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ஆஸ்துமா இல்லாதவர்களின் நீரில் அது இல்லை; ஆஸ்துமா உள்ளவர்களில் மட்டும் இருந்தது. அவர்கள் சுகமாக, மூச்சுத் திணறல் இல்லாமல் இருந்த நாட்களில் எடுத்த நீரிலும் இருந்தது. போகாமல் குடியிருந்த கலங்கள். முதலில் நம்பவில்லை. எல்லா வழியிலும் அதை அழிக்கப் பார்த்தேன்; அழியவில்லை. பேராசிரியையிடம் காட்டினேன். வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது கூடியவர், எப்போதும் மிதிவண்டித் தலைக்கவசத்தின் தடம் நெற்றியில் இருக்கும். அந்தத் தீவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நன்றாக இருக்கிறது" என்றார் கடைசியில். அவர் வாயில் அது பெரிய சொல். "ஆனால் இன்னும் கொஞ்சம் நோயாளிகள் வேண்டும். அவசரப்பட்டு எழுதினால் அடித்து நொறுக்குவார்கள்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன். இன்னும் நோயாளிகளைச் சேர்த்தோம். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்த வருடத்தில் என் கணவர் சிட்னியில் ஒரு வீடு பார்த்தார், பிறகு வேண்டாமென்று விட்டார். பிள்ளை பற்றிய கதையை நாங்கள் இரண்டு பேரும் எடுக்காமல் விட்டோம்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் கைத்தொலைபேசியைத் திறந்தேன். வேறொரு நாட்டுக் குழுவின் கட்டுரை வெளியாகியிருந்தது. அதே கேள்வி. அதே முறை. எங்களைவிடக் கூடிய நோயாளிகள். மூன்றாவது படத்தில் அந்தத் தீவு இருந்தது. அவர்கள் அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தார்கள். நான் பச்சை கொடுத்திருந்தேன். வடிவம்கூட ஏறக்குறைய அதே வடிவம். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

பேராசிரியை முன்னமே வாசித்துவிட்டார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதவைச் சாத்தினார். "நீ கண்டது உண்மை என்று இப்போது தெரிகிறது" என்றார். "நாம் இதை உறுதிப்படுத்தும் ஆய்வாக எழுதலாம். அதற்கும் மதிப்பு உண்டு." நான் தலையாட்டினேன். பிறகு அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு மற்றதையும் சொன்னார். நாங்கள் விண்ணப்பித்திருந்த ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. இன்னும் சில மாதங்களுக்கு என்னை வைத்திருக்க முடியும், கட்டுரையை முடிக்கலாம். அதற்குப் பிறகு வழியில்லை. "மன்னித்துக்கொள்" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு. சொன்னேன். பிறகு போய்க் குழாய்களுக்குப் பெயர் ஒட்டினேன். அந்த நாளுக்கென்று போட்ட வேலை அது.

அன்ரிக்கும் சொல்லவில்லை, கணவருக்கும் சொல்லவில்லை.

அதே கிழமை வியாழக்கிழமை. மெல்பேர்னில் நவம்பர்தான் வசந்தத்தின் கடைசி; அப்போது சில நாட்கள் வடக்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்தது போலக் காற்று வீசும். புல்வெளிகளின் பூந்தூளையெல்லாம் அது நகரத்துக்குள் அள்ளிக்கொண்டு வரும். அதன்மேல் இடிமழை இறங்கினால் அந்தத் துகள்கள் ஈரத்தில் வெடித்து, நெஞ்சின் அடி வரை போகக்கூடிய பொடியாகிவிடும். அன்று அப்படியான நாள் என்று எச்சரிக்கை வந்திருந்தது. நான் வேலைக்குப் போகாமல் என் அறையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். உண்மையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி வேலையால் வந்ததும், "இண்டைக்கு வெளியில போகாதீங்கோ, யன்னலைப் பூட்டுங்கோ" என்று சொன்னேன். "சரி" என்றார்.

பின்னேரம் வானம் கறுத்து, காற்று சட்டென்று குளிராக மாறி, முதல் துளிகள் விழுந்தன. பின்வளவில் கொடியில் உடுப்புகள் கிடந்தன. எனக்கு அது நினைவில்லை, அவருக்கு இருந்தது. நான் தேத்தண்ணி போட வெளியே வந்தபோது, கூடை நிறைய உடுப்போடு அவர் குசினி வாசலில் நின்றார். கூடையைக் கீழே வைக்கவில்லை. வைக்கக் குனிய முடியாமல் நின்றார்.

நான் கூடையை வாங்கி எறிந்துவிட்டு அவரைக் கதிரையில் இருத்தினேன். பஃபரை ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டில் பொருத்தி வாயில் வைத்து அழுத்தினேன். இழுக்கிறார், காற்று போகவில்லை. முதலில் விசில் போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு சத்தம் குறைந்தது. சத்தம் குறைவது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அழைப்பை எடுத்தவர், நகரம் முழுவதிலிருந்தும் அழைப்பு வருகிறது, வண்டி வரத் தாமதமாகலாம் என்றார்.

"அவர் ஒரு முழு வசனம் பேசுகிறாரா?"

"இல்லை. ஒவ்வொரு சொல்லாக."

"கதவைத் திறந்து வையுங்கள். மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்."

அன்ரி என் கையைப் பிடித்திருந்தார். நகங்கள் பதிந்தன.

"மகனுக்கு" என்றார். பிறகு மூச்சு எடுத்து, "சொல்லாத."

"சொல்லேல்ல அன்ரி. கதைக்காதீங்கோ. இழுங்கோ. இன்னொருக்கா. விடுங்கோ."

அந்த நேரத்தில் எனக்குள் எந்தக் கலமும் எந்த மரபணுவும் இல்லை. அவருடைய உதட்டின் நிறம் மட்டும்தான் இருந்தது. அது நீலமாகிறதா, வெளிச்சம் குறைவா என்று தெரியாமல் எழும்பிப் போய் லைட்டைப் போட்டேன். மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. திறந்த கதவால் சாரல் உள்ளே வந்தது. அந்தச் சாரலோடு இன்னும் பூந்தூள் வரும் என்று ஓடிப்போய்ப் பூட்டினேன்; தொலைபேசியில் பேசியவர் கதவைத் திறந்து வைக்கச் சொன்னது நினைவு வந்து, பூட்டைத் திறந்து கதவை மட்டும் சாத்தி வைத்தேன்.

அம்புலன்ஸ் வந்தது. இரண்டு இளம் பெண்கள். முகமூடி போட்டு, ஊசி போட்டு, ஐந்தாறு வார்த்தையில் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் நடைபாதை முழுவதும் கதிரைகளில் ஆட்கள் முன்னால் குனிந்து இருந்து மூச்சுக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். பாடசாலைச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை, கட்டட வேலைச் சப்பாத்தோடு ஒரு பெரிய ஆள். ஒரு தாதி என்னிடம் நான் யார் என்று கேட்டார். வாடகைக்கு இருப்பவள் என்றேன். என்ன வேலை என்றார். ஆஸ்துமா ஆராய்ச்சி என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

அடுத்த நாள் மதியம் அன்ரி வார்ட்டில் சாய்ந்து இருந்தார். குரல் கம்மியிருந்தாலும் வசனம் வந்தது. மகனுக்கு நான்தான் சொன்னேன் என்று முதலில் ஏசினார். பிறகு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு ஏசினார். முதியோர் இல்லத்தில் தான் இப்படி ஒரு சூப்பை வைத்தால் தட்டு திரும்பி வரும் என்றார். இரண்டும் முடிந்தபின், "உன்ர ஆராய்ச்சி எப்பிடிப் போகுது?" என்றார்.

ஏனோ அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"நாங்கள் கண்டதை வேற ஆக்கள் முதல்ல வெளியிட்டிட்டினம் அன்ரி. என்ர வேலையும் முடியப் போகுது."

அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். "அப்ப அவை மருந்து எப்ப கொண்டு வருவினம்?"

"பத்து, பதினைஞ்சு வருசமாகும். சில வேளை வராது."

"அப்ப எனக்கில்லை."

"ஓம் அன்ரி."

"சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், நித்திரைதான் வந்தது. கதிரையிலேயே தூங்கிப்போனேன்.

குழாய் விட முடியாதென்று அவரைத் திருப்பி அனுப்பிய அதே நிபுணர்தான் வார்ட்டுக்கு வந்து பார்த்தார். காத்திருப்போர் வரிசையெல்லாம் இனி இல்லை. அன்ரியின் இரத்தத்தில் ஒரு வகை வெள்ளைக் கலம் மிகக் கூடுதலாக இருந்தது. அந்தக் கலங்களுக்கு உயிர் கொடுக்கும் சமிக்ஞையைத் தடுக்கும் ஊசி ஒன்று சில வருடங்களாகவே பாவனையில் இருக்கிறது. ஒழுங்காகத் தினசரி மருந்தும் எடுத்து, அதோடு மாதம் ஒரு முறை இந்த ஊசியும் போட்டால் நல்லது என்றார். அந்த ஊசிக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சி நான் பாடசாலைப் பிள்ளையாக இருந்த காலத்தில், எனக்குத் தெரியாத ஆட்கள் செய்தது. அவர்களிலும் பலருக்கு வேலை நீடித்திருக்காது என்று அன்று முதன்முறையாக நினைத்தேன்.

கோடை முடிவதற்குள் அன்ரியின் தோள்கள் இறங்கிவிட்டன. வேலை இடத்தில் இனி மறைக்க முடியவில்லை. அவர்கள் மணித்தியாலத்தைக் குறைக்கவில்லை. அடுப்படியிலிருந்து பரிமாறும் பக்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே கிழவர்களோடு கதைக்கலாம் என்று அவருக்குச் சந்தோஷம். கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் நிற்காமல் ஏறினார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்களுக்கு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையின்ர ஆக்கள் கண்டுபிடிச்ச ஊசிதான்" என்றார்.

"இல்லை அன்ரி, அது நாங்களில்லை" என்றேன்.

"எல்லாம் ஒண்டுதானே" என்றார் அவர். அந்தப் பெண்கள் என்னிடம் தங்கள் பிள்ளைகளின் தும்மல், கணவர்மாரின் குறட்டை எல்லாவற்றுக்கும் வைத்தியம் கேட்டார்கள். நான் டொக்டர் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டுரையை எழுதி முடித்தேன். முதலாவது சஞ்சிகை, இது புதிதல்ல என்று ஒரே நாளில் திருப்பியது. இரண்டாவதும் அப்படியே. ஆழ்குளிர்ப் பெட்டியில் இருந்த மாதிரிகளைப் புதிதாக வந்த மாணவியிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு குழாயும் ஒரு மனிதர் ஒரு காலை முழுவதும் பட்டினியாக இருந்து, இருமி, கண்ணீர் வழியக் கொடுத்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு இன்னும் களைக்கவில்லை.

செவன் ஹில்ஸில் கண்மருந்துகளின் தரம் பார்க்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. மருந்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்வதில்லை. ஒவ்வொரு நாளும் வளரவில்லை என்று எழுதிவிட்டு வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வருகிறேன். நான் கிளேட்டனை விட்டுப் போன நாளில் அன்ரி மீன் பொரியலும் இடியப்பமும் கட்டித் தந்தார். "போட்டு வாறன் அன்ரி" என்றேன். "ஓம், போட்டு வா. அங்கயும் ஆராய்ச்சியை விடாத" என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

முதல் இரண்டு மாதமும் நான் தூங்கினேன். சனி, ஞாயிறு மதியம் வரை தூங்குவேன். கணவர் சத்தம் போடாமல் சமைப்பார். ஒரே வீட்டில் இருந்து பழக எங்களுக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. குளியலறையில் யாருடைய துவாய் எது என்பதில்கூட மாறிப் போவோம்.

மூன்றாவது சஞ்சிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. செய்தி வந்தபோது நான் மாடிப்படியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கணவர் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். விளங்காத தலைப்பை மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போல வாசித்தார்.

"உம்மட பேர் முதலாவதா இருக்கு."

"ஓம்."

"சந்தோசமில்லையோ?"

"இருக்கு" என்றேன். "அதைப் பற்றி நாளைக்கு யோசிக்கிறன்."

அவர் பக்கத்தில் வந்து இருந்தார். மற்றச் சப்பாத்தின் நாடாவை அவர்தான் அவிழ்த்துவிட்டார்.